ஏமன் பச்சோந்தி: வளர்ப்பும் வர்ணமும்

ஏமன் பச்சோந்தி என்பது அரேபியத் தீபகற்பத்தின் தென்மேற்கே, ஏமன் நாட்டு மலைச்சரிவுகளிலும் அவற்றை அடுத்த சவூதி அரேபியப் பகுதிகளிலும் மரங்களையும் புதர்களையும் பற்றி வாழும் ஓர் ஊர்வன. உலகில் 200-க்கும் மேற்பட்ட பச்சோந்தி இனங்கள் உள. அவற்றில் ஏறக்குறையப் பாதி மடகாஸ்கர் தீவுக்கே உரியவை. அத்தனை இனங்களிலும், மனிதர் அமைத்த கூண்டுக்குள் நிலைத்துத் தலைமுறை தலைமுறையாகப் பெருகி வந்திருப்பவற்றுள் இது முதன்மையானதாகலின், முதன்முறையாகப் பச்சோந்தி வளர்க்கப் புகுவோர் பெரும்பாலும் இதனையே கைக்கொள்கின்றனர். தலைமேல் மகுடம்போல் நிமிர்ந்து நிற்கும் கொண்டை இதன் அடையாளம். ஆண் வாலையும் சேர்த்து 60 சென்டிமீட்டர் வரை வளரக்கூடியது. பெண் அதனினும் சிறியது. முட்டையிலிருந்து வெளிவந்த நாளிலேயே ஆணின் பின்னங்காற் குதியில் சிறு முள் போன்றதொரு புடைப்புக் காணப்படுவதால், குஞ்சிலேயே ஆண் பெண் பேதத்தை அறிந்துகொள்ளலாம். வாங்கும்போதே இதைப் பார்த்துக்கொள்வது எத்துணை அவசியம் என்பது, பெண் முட்டையிடுவதைப் பற்றிக் கூறுமிடத்தில் விளங்கும்.

தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் இயற்கையாக வாழ்வது இதற்கு உறவான வேறோர் இனம். இந்தியப் பச்சோந்தி என்பது அதன் பெயர். வேலியோரத்தில் தலையை ஆட்டிக்கொண்டும், இனப்பெருக்கக் காலத்தில் கழுத்துச் சிவந்தும் நிற்கும் ஓணானையும் பலர் பச்சோந்தி என்றே சொல்லிவிடுகின்றனர். அது முற்றிலும் வேறான குடும்பத்தைச் சார்ந்தது. இந்தியப் பச்சோந்தி 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் காவலில் இருப்பதால், அதைப் பிடிப்பதும் வீட்டில் வைத்திருப்பதும் குற்றமாகும். அந்நிய நாட்டு இனமாகிய ஏமன் பச்சோந்தியும் அழிவாய்ப்புள்ள உயிர்களின் சர்வதேச வாணிபத்தைக் கட்டுப்படுத்தும் உடன்படிக்கையின் பட்டியலில் இடம் பெற்றிருத்தலின், அச்சட்டத்தின் 2022-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி அதை வைத்திருப்போர் அரசிடம் பதிவு செய்துகொள்ளுதல் வேண்டும்.

பச்சோந்தி தான் அமர்ந்திருக்கும் இடத்தின் நிறத்தை அவ்வப்போது தனதாக்கிக்கொள்ளும் என்னும் எண்ணம் நம் மக்களிடையே வெகுநாளாக வேரூன்றி, கொள்கை மாறுவோரை இப்பிராணியின் பெயரால் ஏசும் வழக்கத்தையும் தோற்றுவித்துவிட்டது. அந்த வாயில்லாப் பிராணிக்கு இழைக்கப்பட்டுவரும் அநீதி இது. அமைதியாயிருக்கும் வேளையில் அது கொண்டிருக்கும் பச்சை நிறம் இலைகளிடையே அதை மறைக்கிறது என்பது மெய்யே; ஆனால் சிவப்புத் துணியின்மேல் விட்டால் சிவப்பாகவும் நீலத் துணியின்மேல் விட்டால் நீலமாகவும் அது மாறுவதில்லை. அதன் மேனியில் தோன்றும் மாற்றங்கள் உடலின் உஷ்ணம், உள்ளத்தின் கிளர்ச்சி, எதிரே நிற்கும் தன்னினத்தோடு அதற்குள்ள விவகாரம் ஆகியவற்றிலிருந்து எழுபவை. தன் நிலையை மறைக்கும் பிராணியன்று அது. மேனியெங்கும் எழுதிக் காட்டும் பிராணி.

இம்மாற்றம் நிகழும் விதம் 2015-ஆம் ஆண்டில் தெளிவாயிற்று. மடகாஸ்கரைச் சேர்ந்த சிறுத்தைப் பச்சோந்தியின் தோலை ஆராய்ந்த ஜெனீவா பல்கலைக்கழக அறிஞர்கள், மேற்றோலின் கீழுள்ள ஒருவகை உயிரணுக்களில் குவானின் என்னும் பொருளாலான மிக நுண்ணிய படிகங்கள் ஒழுங்காக அடுக்கப்பட்டிருப்பதையும், அவ்வடுக்கின் இடைவெளி மாறுவதற்கேற்ப அதில் பட்டுத் திரும்பும் ஒளியின் நிறமும் மாறுவதையும் கண்டனர். பிராணி அமைதியாயிருக்கையில் படிகங்கள் நெருங்கி நின்று நீல ஒளியைத் திருப்புகின்றன; அந்நீலம் தோலிலுள்ள மஞ்சள் நிறமியோடு கலந்து நம் கண்ணுக்குப் பச்சையாகத் தெரிகிறது. கிளர்ச்சியுற்றபோது படிகங்கள் விலகி நிற்க, மஞ்சளும் செம்மஞ்சளும் சிவப்பும் மேலோங்குகின்றன. இவ்வடுக்கின் கீழே அமைந்த மற்றோர் அடுக்கு, வெயிலின் அகச்சிவப்புக் கதிர்களில் ஒரு பகுதியைத் திருப்பியனுப்பி உடல் சூடேறாமல் காக்க உதவுகிறது போலும். இவையன்றி, கருநிறமியைத் தாங்கிய உயிரணுக்களும் உண்டு. நிறமி அவற்றின் கிளைகளில் பரவும்போது மேனி இருண்டும், நடுவில் ஒடுங்கும்போது வெளிறியும் தோன்றுகிறது.

இவ்வாற்றல் எதன்பொருட்டு வளர்ந்தது என்பதை ஆராய்ந்த தேவி ஸ்டூவர்ட்-ஃபாக்ஸ், அத்னான் மூசல்லி என்னும் இருவர், தென்னாப்பிரிக்கக் குள்ளப் பச்சோந்திகளை ஒப்பிட்டு, பலவகைச் சூழல்களில் மறைந்துகொள்ளும் தேவையைவிடத் தம்மினத்தார்க்குக் கண்ணிற்படும்படி குறி காட்டும் தேவையே நிறமாற்றத்தை வளர்த்தது என்று 2008-இல் எழுதினர். ஏமன் பச்சோந்தியைப் பற்றியே 2013-இல் ரஸ்ஸல் லைகனும் கெவின் மெக்ராவும் வெளியிட்ட ஆய்வு இன்னும் சுவையானது: இரண்டு ஆண்கள் எதிர்ப்படுங்கால், விலாப்பட்டைகள் மிகுதியாக ஒளிர்வது நெருங்கிச் சென்று பொருதும் துணிவையும், தலையின் நிறம் விரைந்து ஒளிபெறுவது வெல்லும் வாய்ப்பையும் முன்கூட்டியே காட்டுகின்றன. தோற்றது மேனி இருண்டு பணிவை அறிவித்து விலகுகிறது. கடித்துக் குதறிக்கொள்ளாமலே பல சச்சரவுகள் தீர்ந்துவிடுவது இதனால்தான்.

வளர்ப்பவர் முதலில் பயிலவேண்டிய பாடம் இந்த மொழியே. விடியற்காலையில் பிராணி கறுத்த மேனியோடு உடலைத் தட்டையாக்கி விளக்கின் பக்கம் விலாவைத் திருப்பி நிற்குமாயின், அஞ்ச வேண்டியதில்லை; குளிர்ந்த சரீரம் வெப்பத்தை விரைவாக ஏற்றுக்கொள்ளச் செய்யும் உபாயம் அது. சூடேறியபின் தெளிந்த பச்சைக்குத் திரும்பிவிடும். நண்பகலிலும் கருமை நீங்காதிருந்தால், கூண்டு குளிர்ந்திருக்கலாம், அல்லது எதனாலோ அது அச்சத்திலோ நோயிலோ வருந்தலாம். மிகவும் வெளிறிப்போய் வாயைத் திறந்தபடி இருப்பது உஷ்ணம் அளவு கடந்ததற்கு அறிகுறி. மேனி மங்கி வெண்மை படர்ந்தால் பெரும்பாலும் தோல் உரியப்போகிறது என்று பொருள். அதை உரித்துவிடக் கை நீட்டலாகாது. நிறத்தைவிடவும் கடுமையான எச்சரிக்கை, பகற்பொழுதில் கண்ணை மூடிக்கொண்டிருப்பது. பகலில் உறங்காத பிராணியாதலின், அவ்வாறு காணப்பட்டால் அன்றே ஊர்வனவற்றில் பழக்கமுள்ள கால்நடை மருத்துவரை நாடவேண்டும்.

கூண்டு காற்றோட்டமுள்ள கம்பி வலையால் ஆனதாகவும், அகலத்தினும் உயரம் மிக்கதாகவும் இருத்தல் வேண்டும்; வளர்ந்த பிராணிக்கு 60 சென்டிமீட்டர் நீளமும் அகலமும் 120 சென்டிமீட்டர் உயரமும் தகும். உள்ளே கிளைகளும், மறைந்துகொள்ளச் செம்பருத்தி போன்ற நஞ்சில்லாச் செடிகளும் வைக்கவேண்டும். இவ்வினம் இலைகளையும் கடித்துத் தின்னும். வெயில்காயும் கிளையில் 29 முதல் 32 டிகிரி செல்சியஸும் நிழற்பகுதியில் அதனினும் குறைந்த உஷ்ணமும் நிலவ, இரவில் எல்லாம் நன்கு குளிரவேண்டும். புற ஊதாக் கதிர் தரும் குழல் விளக்கு இன்றியமையாதது. அக்கதிரால் உடலில் உண்டாகும் வைட்டமின் டி இல்லாவிட்டால் சுண்ணாம்புச் சத்து எலும்பிற் சேராமல், கால்கள் வளைந்து தாடை மென்மையாகிப் பிராணி நலியும். விளக்கு எரிந்துகொண்டிருந்தாலும் அக்கதிர் நாளடைவில் குன்றிவிடுவதால், உரிய காலத்தில் அதை மாற்றவேண்டும். சுவர்க்கோழி, வெட்டுக்கிளி முதலியன ஆகாரம். அவற்றை நன்கு தீனியிட்டு வளர்த்து, சுண்ணாம்புத் தூளில் புரட்டிக் கொடுப்பர்.

கிண்ணத்தில் தேங்கிய நீரைப் பச்சோந்தி பெரும்பாலும் நீரென்றே அறிவதில்லை. இலைமேல் திரண்டு மின்னும் துளியைக் கண்டே அது பருகும். எனவே தெளிப்பானாலோ, மேலிருந்து சொட்டும் அமைப்பினாலோ இலைகளை நனைத்துவர வேண்டும். கண்கள் உட்குழிவதும், எச்சத்தின் வெள்ளைப்பகுதி செம்மஞ்சளாவதும் தாகத்தின் அடையாளங்கள். நிறைந்த கிண்ணத்தைப் பார்த்து மனநிறைவடைந்த வீட்டில் பிராணி தாகத்தால் வாடுவது, தவிர்க்கக்கூடிய துயரங்களுள் மிகக் கொடியது.

பெண் பச்சோந்தி ஆணைச் சேராமலும் முட்டையிடும். ஒரே ஈட்டில் பல பத்து முட்டைகள் இருக்கலாம். கருவுற்ற பெண்ணின் மேனி இருண்டு, அதில் மஞ்சளும் நீலமுமான புள்ளிகள் தோன்றி, நெருங்கும் ஆணை மறுப்பதை அறிவிக்கும். தோண்டுவதற்கு ஈரமணல் நிறைந்த ஆழமான பெட்டி கிடைக்காவிட்டால் முட்டைகள் உள்ளேயே தங்கி உயிருக்கு ஆபத்தாய் முடியும். ஆகாரத்தை மிகுதியாகக் கொடுத்தால் முட்டைகளும் மிகும்; அதனால் பெண்ணை அளவோடு உண்பிப்பதே கருணை. ஆண்டுதோறும் உடலை வருத்தும் இச்சுமையினாலேயே பெண் ஆணைவிடக் குறைந்த காலம் வாழ்கிறது.

இரண்டு பச்சோந்திகளை ஒரு கூண்டில் வைத்தலாகாது. இவை தனித்து வாழும் சுபாவத்தன. எதிரே கண்ணாடியில் தன் உருவத்தைக் கண்டாலும் கலங்குவன. புதிதாக வந்த பிராணியை முதற் சில வாரங்கள் கையால் தொடாமல், கூண்டை உயரத்தில் வைத்துத் தொலைவிலிருந்தே கவனிக்கவேண்டும். மேலிருந்து இறங்கும் கையைப் பறவையாகவே அது கருதும். இரவில் விளக்கணைத்துச் சற்றுப் பொறுத்து, டார்ச்சை ஒரு கணம் ஏற்றிப் பார்த்தால், அது கிளை நுனியில் வாலைச் சுருட்டி, பகலில் கண்ட பட்டைகளெல்லாம் மங்க, வெளிறிய இளம்பச்சை மேனியோடு உறங்குவதைக் காணலாம்.