யார் பக்கத்துக் கணக்கர்? திருப்பனந்தாள் வட்டார வேளாண் கணக்கு மரபு: ஓர் ஆய்வு

காவிரிப் படுகையில் கணக்கருக்குப் பஞ்சம் இருந்ததில்லை. முதலாம் இராசராசன் காலத்து நில அளவை கீழ்முந்திரிப் பின்னம் வரை இறங்கியது. பராந்தக சோழனின் உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் (919, 921), வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரோடு அவர் உறவினரையும் குடவோலையிலிருந்து விலக்கின. ஆனால் அந்தக் கணக்கெல்லாம் வரியும் வாரமும் வாங்குவோருக்காக எழுதப்பட்டது. உழுதவர் கையில் ஏடு எப்போது வந்தது என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

இதை ஆராயத் திருப்பனந்தாள் பொருத்தமான ஊர். குமரகுருபரர் காசியில் தொடங்கிய மடத்தின் மரபில், தில்லைநாயகத் தம்பிரான் 1720இல் இங்கே காசித் திருமடத்தை நிறுவினார். காசியில் நடக்கும் கட்டளைக்குக் காவிரிக்கரை நெல்லிலிருந்து செலவு போக வேண்டும் என்றால், துல்லியமான கணக்கு இல்லாமல் முடியாது.

இத்தகைய மட நிலங்களின் கணக்கு களத்திலேயே தொடங்கியது. பொலியை (களத்து நெற்குவியலை) மரக்காலால் அளப்பவர் முதல் அளவை ‘ஒன்று’ என்று சொல்லாமல் ‘லாபம்’ என்று சொல்லித் தொடங்குவார். எட்டுப் படி ஒரு மரக்கால், பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம். திண்ணைப் பள்ளியில் நெல்லிலக்கம் மனப்பாடம் செய்த கணக்குப்பிள்ளை மேல்வாரத்தையும் (நிலவுடைமையாளர் பங்கு) குடிவாரத்தையும் (உழுதவர் பங்கு) பிரித்து எழுதுவார். பழைய பாக்கி, விதைநெல் கடன் எல்லாம் அந்த ஏட்டில்தான் ஏறும். சாகுபடியாளருக்குத் தம் ஞாபகம்தான் பேரேடு. யாருடைய லாபம் என்று களத்தில் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

சட்டங்கள் பங்கை மாற்றின. 1952ஆம் ஆண்டின் தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் குத்தகையாளருக்கு விளைச்சலில் 40 விழுக்காட்டை உறுதிசெய்தது. 1956இன் நியாய வாரச் சட்டம் நன்செயில் நிலவுடைமையாளர் பங்கையே 40 விழுக்காடாகக் குறைத்தது. மடம், கோயில் போன்ற பொது அறநிலைய நிலங்களுக்கு 1961இலும், குத்தகை உரிமைப் பதிவுக்கு 1969இலும் தனிச்சட்டங்கள் வந்தன. பங்கு மாறினாலும் பேனா கை மாறவில்லை. செலுத்திய வாரத்துக்கு ரசீது இல்லாதவருக்குச் சட்டம் இருந்தும் வழக்கு நிற்காது. 1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு கர்ணம் (கிராமக் கணக்கர்) பதவியை ஒழித்தபோது அடங்கல் என்னும் பயிர்ப் பதிவேடு கிராம நிர்வாக அலுவலரிடம் போனது; அதுவும் அரசின் ஏடுதான்.

கூட்டுறவுச் சங்கத்திலும் இதே நிலைதான். தணிக்கையாளர் சங்கத்தின் வரவு செலவைப் பார்ப்பார்; உறுப்பினரின் வயல் லாபமா நட்டமா என்பது அவர் வேலை இல்லை. ஆலையிலும் அப்படித்தான்: பாபநாசம் பக்கம் திருமண்டங்குடி சர்க்கரை ஆலை தங்கள் பெயரில் வங்கிக் கடன் வாங்கியதாகக் குற்றஞ்சாட்டிக் கரும்பு விவசாயிகள் 2022 இறுதியில் தொடர் போராட்டத்தில் இறங்கினர். தம் பெயரில் உள்ள கணக்கைத் தாமே பார்க்க முடியாத நிலை அவ்வளவு தூரம் போயிருந்தது.

உழவர் கையில் ஏடு இல்லாததற்கு, வேளாண் வருமானத்துக்கு மத்திய வருமான வரி இல்லாததும் ஒரு காரணம். வரி கட்டும் வியாபாரிக்கு ஆடிட்டர் தேவை. நெல் விவசாயிக்கு யாரும் அந்த அவசியத்தை உண்டாக்கவில்லை.

இந்த நிலையை மாற்றியது 2002ஆம் ஆண்டின் நிறுவனச் சட்டத் திருத்தம். பத்து உற்பத்தியாளர் சேர்ந்தால் உற்பத்தியாளர் நிறுவனம் தொடங்கலாம். ஆனால் பட்டயக் கணக்காளரின் தணிக்கை கட்டாயம். ஆண்டறிக்கைப் படிவம் தாமதமானால் ஒவ்வொன்றுக்கும் நாளொன்றுக்கு 100 ரூபாய் அபராதம். உர விற்பனையில் நிறுவனத்துக்குக் கிடைத்த சொற்ப லாபத்தை இந்த அபராதமே தின்றுவிடும்.

படிவம் நிரப்புவதோடு கணக்காளர் நின்றுவிட்டால் அவரால் பெரிய பயன் இல்லை என்பதே என் கருத்து. அறுவடை இயந்திரத்தின் மணி வாடகை, வீட்டார் உழைப்பு, சொந்த நிலத்தின் வாடகை மதிப்பு எல்லாம் சேர்ந்தால்தான் ஒரு மா நிலத்தின் உண்மையான சாகுபடிச் செலவு தெரியும். கும்பகோணத்தில் பிறந்த எம்.எஸ். சுவாமிநாதனின் ஆணையம் உற்பத்திச் செலவுக்கு மேல் குறைந்தது 50 விழுக்காடு சேர்த்து விலை கேட்டது. செலவை எழுதிவைக்காதவர் அந்த வாதத்தில் எப்படிப் பேசுவது? நேரடிக் கொள்முதல் நிலையத்தில் போட்ட 40 கிலோ சிப்பங்களை வங்கி வரவோடு ஒத்துப்பார்ப்பதும், பயிர்க்கடனின் கெடு தேதியை முன்கூட்டியே நினைவூட்டுவதும் கணக்காளரின் வேலையே. தவணை தவறினால் வட்டிச் சலுகை போய்விடும்.

மத்திய அரசின் 2020ஆம் ஆண்டுத் திட்டம் உற்பத்தியாளர் நிறுவனத்தின் கணக்கருக்கு மாதம் 10,000 ரூபாய் வரை மூன்றாண்டு தருகிறது. பிறகு சம்பளம் சொந்த வியாபாரத்திலிருந்து வர வேண்டும். நெல் பெரும்பாலும் அரசுக் கொள்முதலுக்கே போகும் ஊரில் அந்த வியாபாரம் விதை, உரம், இயந்திர வாடகை அளவில்தான் இருக்கும். கணக்கருக்கு நான்காம் ஆண்டும் சம்பளம் கிடைக்குமா என்பதை அந்த விற்பனையே முடிவு செய்யும்.