காரில் செயற்கைக்கோள் வானொலி: கருவிகளின் வரலாறு

செயற்கைக்கோள் வானொலி என்பது விண்ணிலுள்ள செயற்கைக்கோளிலிருந்து எண்முறையில் அனுப்பப்படும் ஒலிபரப்பை நேரடியாகப் பெற்றுக் கேட்கும் முறையாகும். சாதாரண எஃப்.எம். நிலையத்தின் ஒலி ஒரு நகரத்தையும் அதன் சுற்றுப்புறத்தையும் தாண்டினால் மங்கிவிடும். செயற்கைக்கோள் ஒலிபரப்போ ஒரு நாடு முழுவதற்கும் ஒரே தரத்தில் கிடைக்கும். நெடுந்தூரம் கார் ஓட்டுவோருக்காகவே அமெரிக்காவில் இச்சேவை வளர்ந்தது.

ஒரு கார் ஸ்டீரியோ இதைப் பெற நான்கு பொருள்கள் தேவை. ஒன்று, வானத்தை நோக்கிய சிறப்பு ஆண்டெனா. இரண்டு, அந்த அலைவரிசையைப் பிரித்தெடுக்கும் ட்யூனர். மூன்று, ட்யூனரின் ஒலியைக் காரின் ஒலிபெருக்கிகளுக்குக் கொண்டு செல்லும் இணைப்பு. நான்கு, சேவை நிறுவனம் வழங்கும் சந்தா. முதல் மூன்றும் கடையில் விலைக்குக் கிடைத்தன. நான்காவது இல்லாவிட்டால் முதல் மூன்றும் பயன்படாது. இந்த நான்கும் இந்த வடிவத்தை எப்படி அடைந்தன என்பதே இக்கட்டுரையின் பொருள்.

இரண்டு உரிமங்கள்

1990-இல் அமெரிக்காவில் சி.டி. ரேடியோ என்ற நிறுவனம் தொடங்கப்பட்டது. மார்ட்டின் ராத்பிளாட், டேவிட் மார்கோலீஸ், பொறியாளர் ராபர்ட் பிரிஸ்க்மன் ஆகியோர் இதன் தொடக்கத்தில் பங்கு கொண்டவர்கள். கார்களுக்கு விண்ணிலிருந்து ஒலிபரப்ப அனுமதி வேண்டும் என்று இந்நிறுவனம் அமெரிக்கக் கூட்டாட்சித் தகவல்தொடர்பு ஆணையத்தை அணுகியது. உள்ளூர் வானொலி நிலையங்கள் தங்கள் விளம்பர வருவாய் குறையும் என்று எதிர்த்தன. முடிவு எட்டப்படப் பல ஆண்டுகள் ஆயின.

1997 ஏப்ரலில் ஆணையம் இரண்டு உரிமங்களை ஏலம் விட்டது. சி.டி. ரேடியோ சுமார் 8.33 கோடி டாலருக்கும், அமெரிக்கன் மொபைல் ரேடியோ சுமார் 8.99 கோடி டாலருக்கும் உரிமம் பெற்றன. முன்னது பின்னர் சிரியஸ் என்றும், பின்னது எக்ஸ்எம் என்றும் பெயர் மாற்றிக்கொண்டன. சிரியஸுக்கு 2320 முதல் 2332.5 மெகாஹெர்ட்ஸ் வரையும், எக்ஸ்எம்முக்கு 2332.5 முதல் 2345 மெகாஹெர்ட்ஸ் வரையும் ஒதுக்கப்பட்டன.

இந்த ஒதுக்கீடே ஆண்டெனாவின் உருவத்தைத் தீர்மானித்தது. இந்த அதிர்வெண்ணில் ஓர் அலையின் நீளம் சுமார் 13 சென்டிமீட்டர் மட்டுமே. ஆகவே வீட்டு மாடியில் வைக்கும் தொலைக்காட்சித் தட்டு போன்ற பெரிய அமைப்பு தேவைப்படவில்லை. உள்ளங்கையில் அடங்கும் ஆண்டெனாவே போதுமானதாயிற்று.

விண்ணில் இரு வழிகள்

ஓடும் கார் நொடிக்கு நொடி திசை மாறும். பாலம், மரம், உயர்ந்த கட்டடம் ஆகியவை செயற்கைக்கோளை மறைக்கும். இச்சிக்கலை இரு நிறுவனங்களும் இரு வேறு வழிகளில் அணுகின.

எக்ஸ்எம் நிறுவனம் இரண்டு செயற்கைக்கோள்களைப் புவிநிலைச் சுற்றுப்பாதையில் நிறுத்தியது. 'ராக்', 'ரோல்' என்று பெயரிடப்பட்ட இவை முறையே 2001 மார்ச்சிலும் மே மாதத்திலும் ஏவப்பட்டன. நிலநடுக்கோட்டுக்கு மேலே நிற்பதால் அமெரிக்காவிலிருந்து பார்க்கையில் இவை தெற்கு வானில் சற்றுத் தாழ்வாகவே தெரியும். நகரக் கட்டடங்கள் எளிதில் மறைத்துவிடும். எனவே நகரங்களில் நூற்றுக்கணக்கான தரை ரிப்பீட்டர் நிலையங்களை எக்ஸ்எம் அமைக்க வேண்டியதாயிற்று. ரிப்பீட்டர் என்பது செயற்கைக்கோளின் ஒலிபரப்பைத் தரையிலிருந்து மீண்டும் அனுப்பும் கோபுரம்.

சிரியஸ் 2000-ஆம் ஆண்டில் மூன்று செயற்கைக்கோள்களை நீள்வட்டப் பாதையில் செலுத்தியது. ஒவ்வொன்றும் நாளில் சுமார் 16 மணி நேரம் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே இருக்கும். ஒன்று தெற்கே இறங்கும்போது மற்றொன்று அதன் இடத்துக்கு வரும். இவை வானில் உயரமாகத் தெரிந்ததால் சிரியஸுக்குக் குறைவான ரிப்பீட்டர்களே போதுமாயின.

எக்ஸ்எம் 2001 செப்டம்பர் 12 அன்று சேவையைத் தொடங்கத் திட்டமிட்டிருந்தது. முந்தைய நாள் நிகழ்ந்த தாக்குதலால் அது தள்ளிப்போயிற்று. செப்டம்பர் 25-இல் டாலஸ், சான் டியாகோ நகரங்களில் ஒலிபரப்பு தொடங்கி, நவம்பரில் நாடு முழுவதும் விரிந்தது. சிரியஸ் 2002 பிப்ரவரியில் சில நகரங்களில் தொடங்கி, அவ்வாண்டு ஜூலையில் நாடெங்கும் பரவியது.

ஆண்டெனா

காரில் ஏற்கெனவே உள்ள எஃப்.எம். ஆண்டெனா இச்சேவைக்குப் பயன்படாது. அது நூறு மெகாஹெர்ட்ஸ் அளவிலான அலைகளுக்காகச் செய்யப்பட்டது. செயற்கைக்கோள் வானொலிக்கான ஆண்டெனா, அடியில் காந்தம் பொருத்திய சிறிய கட்டியாக வந்தது. அதைக் காரின் மேற்கூரையில் வைத்தால் ஒட்டிக்கொள்ளும். கூரையின் உலோகத் தகடும் ஆண்டெனாவின் ஒரு பகுதிபோல் செயல்பட்டு ஏற்புத் திறனைக் கூட்டும். ஆகவே கூரையின் ஓரத்தில் வைக்காமல் சற்று உள்தள்ளி வைக்கும்படி பொருத்துநர்கள் கூறினர்.

ஆண்டெனாவுக்குள் இரண்டு வேலைகள் நடந்தன. ஒன்று செயற்கைக்கோளிலிருந்து வரும் மெலிந்த அலையைப் பெறுவது. மற்றொன்று தரை ரிப்பீட்டரின் அலையைப் பெறுவது. தொடக்கக் காலத்தில் இதற்கு இரண்டு தனிக் கம்பிகள் இழுக்கப்பட்டன. பின்னர் ஒரே கம்பியாயிற்று. வரும் அலை மிக மெலிந்தது என்பதால் ஆண்டெனாவுக்குள்ளேயே ஒரு சிறு பெருக்கி வைக்கப்பட்டது. கம்பி, கதவு அல்லது டிக்கியின் ரப்பர் விளிம்பு வழியாக உள்ளே சென்று டாஷ்போர்டை அடையும்.

ட்யூனர்

ட்யூனரின் உள்ளே இருந்த சிறப்புச் சில்லுகளே இத்தொழில்நுட்பத்தின் மையம். செயற்கைக்கோள்களிலிருந்தும் ரிப்பீட்டரிலிருந்தும் வரும் ஒரே நிகழ்ச்சியின் பல வடிவங்களை அவை பெற்று, அவற்றிலிருந்து தடையற்ற ஒலியை உருவாக்கின.

கார் ஒரு பாலத்துக்கு அடியில் நுழையும்போது என்ன நடக்கும்? ஒரே நிகழ்ச்சி இரண்டு வழிகளில் சுமார் நான்கு விநாடி இடைவெளியில் அனுப்பப்படும். முதலில் வந்ததை ட்யூனர் நினைவகத்தில் சேமித்து வைக்கும். பாலத்தடியில் அலை அறுந்தாலும் சேமித்ததிலிருந்து பாட்டு தொடரும். நீண்ட சுரங்கப்பாதையிலோ வாகன நிறுத்தக் கட்டடத்தினுள்ளோ இது உதவாது. அங்கே ஒலி நின்றுவிடும்.

ஸ்டீரியோவுடன் இணைத்தல்

ட்யூனரைக் காரின் ஸ்டீரியோவுடன் சேர்ப்பதற்கு நான்கு வழிகள் வழக்கில் இருந்தன.

முதலாவது, தொழிற்சாலையிலேயே பொருத்தப்பட்டது. எக்ஸ்எம்மில் முதலீடு செய்திருந்த ஜெனரல் மோட்டார்ஸ், தன் காடிலாக் கார்களில் இதை முதலில் அளித்தது. ஹோண்டாவும் எக்ஸ்எம் பக்கம் நின்றது. ஃபோர்டு, டைம்லர் கிரைஸ்லர், பி.எம்.டபிள்யூ ஆகியவை சிரியஸைத் தேர்ந்தன. எந்தச் சேவையைக் கேட்பது என்பதை வாங்குபவரின் விருப்பம் அல்ல, காரின் நிறுவனமே முடிவு செய்தது.

இரண்டாவது, 'சாட்டிலைட் ரெடி' என்று அட்டையில் அச்சிட்ட ஸ்டீரியோக்கள். இச்சொல் பலரைக் குழப்பியது. ஸ்டீரியோவுக்குள் ட்யூனர் இருக்காது. அதை இணைப்பதற்கான துளையும் கட்டுப்பாட்டு மென்பொருளும் மட்டுமே இருக்கும். தனி ட்யூனர் பெட்டியும் ஆண்டெனாவும் கூடுதலாக வாங்க வேண்டும். பயனியர், சோனி, ஆல்பைன், கென்வுட் ஆகிய நிறுவனங்களின் இணைப்பு முறைகளும் வெவ்வேறானவை. எனவே ஸ்டீரியோவின் பெயருக்கேற்ற இணைப்புக் கம்பியும் தேவைப்பட்டது.

மூன்றாவது, கழற்றி மாட்டக்கூடிய சிறு கருவிகள். திரையும் பொத்தான்களும் கொண்ட இவற்றைக் காரில் ஒரு தாங்கியிலும் வீட்டில் இன்னொரு தாங்கியிலும் வைக்கலாம். பழைய ஸ்டீரியோவில் ஆக்ஸ் துளை இருந்தால் அதில் செருகலாம். கேசட் பிளேயர் இருந்தால் கேசட் வடிவ அடாப்டர் போதும்.

நான்காவது, எஃப்.எம். வழி. ஆக்ஸ் துளையோ கேசட்டோ இல்லாத கார்களில், கருவி தன் ஒலியைக் காலியான ஓர் எஃப்.எம். அதிர்வெண்ணில் சிறிய அளவில் ஒலிபரப்பும்; காரின் வானொலி அதைப் பிடித்துக்கொள்ளும். நிலையங்கள் நெருக்கமான பெருநகரங்களில் காலி அதிர்வெண் கிடைப்பது அரிது. பக்கத்துக் காரின் நிகழ்ச்சி தம் வானொலியில் புகுவதாகவும் மக்கள் முறையிட்டனர். சில கருவிகள் அனுமதிக்கப்பட்ட அளவை மீறி ஒலிபரப்புவதை ஆணையம் கண்டறிந்தது. 2006-இல் இரு நிறுவனங்களும் சில மாதிரிகளின் விநியோகத்தை நிறுத்தி வைத்தன. கம்பி வழியாக நேரே ஆண்டெனாத் துளைக்குள் ஒலியைச் செலுத்தும் முறையில் இந்தச் சிக்கல் குறைவு.

ரேடியோ எண்ணும் சந்தாவும்

ஒவ்வொரு ட்யூனருக்கும் தனி அடையாள எண் உண்டு. எக்ஸ்எம் கருவிகளில் 0 என்ற சேனலுக்குச் சென்றால் அந்த எண் திரையில் தோன்றும். சந்தா செலுத்தியவர் அந்த எண்ணை நிறுவனத்திடம் தெரிவித்தால், செயற்கைக்கோள் வழியாக அந்தக் கருவிக்கு மட்டும் திறப்புக் கட்டளை அனுப்பப்படும். அதன் பிறகே மறையாக்கம் செய்த சேனல்கள் ஒலிக்கும். சந்தாத் தொகை நின்றால் கருவியும் மௌனமாகும். தொடக்கத்தில் எக்ஸ்எம் மாதம் 9.99 டாலரும் சிரியஸ் 12.95 டாலரும் வசூலித்தன. 2005-இல் எக்ஸ்எம்மும் 12.95 டாலருக்கு உயர்த்தியது.

வராத பொதுக் கருவி

ஒரே கருவியில் இரு நிறுவனங்களின் சேவையையும் கேட்க முடிய வேண்டும் என்று 1997-ஆம் ஆண்டு விதிமுறைகளே எதிர்பார்த்தன. ஒரு நிறுவனத்தைப் பிடிக்காதவர் கருவியை மாற்றாமல் மற்றதற்கு மாறலாம் என்பதே இதன் நோக்கம். 2000-இல் இரு நிறுவனங்களும் பொதுத் தரம் ஒன்றை உருவாக்க உடன்பட்டு, அதற்கெனக் கூட்டு அமைப்பும் ஏற்படுத்தின. ஆனால் அத்தகைய கருவி பல ஆண்டுகள் கடைக்கு வரவேயில்லை. கருவியின் விலையில் ஒரு பகுதியை நிறுவனங்களே ஏற்றுக்கொண்டு, அதைச் சந்தாவில் மீட்பதே அவற்றின் வணிக முறை. வாடிக்கையாளர் எளிதில் மற்ற நிறுவனத்துக்கு மாறக்கூடிய கருவிக்கு மானியம் தர இரண்டுக்குமே காரணம் இருக்கவில்லை. இதன் விளைவைக் கேட்போரே சுமந்தனர்: சேவையை மாற்ற ட்யூனரையும் ஆண்டெனாவையும் மாற்ற வேண்டும்.

2007 பிப்ரவரியில் இரு நிறுவனங்களும் இணையப் போவதாக அறிவித்தன. இரண்டு உரிமங்கள் வழங்கப்பட்டதே போட்டிக்காக என்பதால் விவாதம் நீண்டது. 2008 ஜூலையில் ஆணையம் 3-க்கு 2 என்ற வாக்கு வேறுபாட்டில் அனுமதி அளித்தது. எஃப்.எம். ஒலிபரப்பிகள், ரிப்பீட்டர்கள் தொடர்பான பழைய விதிமீறல்களுக்காக இருவரும் சேர்ந்து சுமார் 1.97 கோடி டாலர் செலுத்த ஒப்புக்கொண்டனர். பொதுக் கருவியை விற்பனைக்குக் கொண்டுவர வேண்டும் என்பதும் நிபந்தனையாயிற்று. அது 2009-இல் 'மிர்ஜ்' என்ற பெயரில் வந்தது. மாறிச் செல்ல வேறு நிறுவனமே இல்லாத காலத்தில்தான் மாற உதவும் கருவி கிடைத்தது.

இந்தியாவும் வேர்ல்ட்ஸ்பேஸும்

தமிழ்நாட்டில் செயற்கைக்கோள் வானொலி என்றால் பலருக்கு நினைவுக்கு வருவது வேர்ல்ட்ஸ்பேஸ். எத்தியோப்பியாவில் பிறந்த நோவா சமாரா நிறுவிய இது, எக்ஸ்எம்மின் தொடக்கக் கால முதலீட்டாளரும்கூட. இதன் ஏசியாஸ்டார் செயற்கைக்கோள் 2000 மார்ச்சில் ஏவப்பட்டது. தமிழுக்கு கே.எல். ரேடியோ, கர்நாடக இசைக்கு ஸ்ருதி எனச் சேனல்கள் இருந்தன. இசையமைப்பாளர் ஏ.ஆர். ரகுமான் இதன் விளம்பரத் தூதராக இருந்தார்.

இது வீட்டுக்கான சேவையாகவே நின்றது. ஆண்டெனாவை ஏசியாஸ்டாரின் திசை பார்த்து சன்னலிலோ மாடியிலோ நிலையாக வைக்க வேண்டும். திரும்பித் திரும்பி ஓடும் காருக்கு அது பொருந்தவில்லை. நகரங்களில் ரிப்பீட்டர்கள் அமைத்துக் கார்களுக்கும் சேவை தரும் திட்டம் இந்தியாவில் நிறைவேறவில்லை. 2008 அக்டோபரில் நிறுவனம் திவால் பாதுகாப்பு கோரியது. 2009 டிசம்பர் 31-உடன் இந்தியச் சேவை நின்றது. முன்பணமாகச் சந்தா கட்டியிருந்தோரின் கருவிகளும் அன்றோடு செயற்கைக்கோள் ஒலியை இழந்தன.

இன்றைய நிலை

இணைந்த சிரியஸ்எக்ஸ்எம் நிறுவனமும் 2009 பிப்ரவரியில் திவாலாகும் நிலைக்குச் சென்று, லிபர்ட்டி மீடியா அளித்த 53 கோடி டாலர் கடனால் மீண்டது. பிற்காலத்தில் பல நிறுவனங்களின் ஸ்டீரியோக்களுக்கும் பொருந்தும் எஸ்எக்ஸ்வி300 போன்ற ஒரே வகை ட்யூனர் பெட்டிகள் வந்து, பழைய இணைப்புக் குழப்பம் குறைந்தது. 2019 மாடல் ராம் 1500 வாகனத்தில் அறிமுகமான 360எல் அமைப்பு, செயற்கைக்கோளையும் இணையத்தையும் சேர்த்துப் பயன்படுத்துகிறது.

இச்சேவை அமெரிக்கா, கனடா பகுதிகளுக்கு உரியது. இந்தியாவிலோ இலங்கையிலோ இதைப் பெற இயலாது. அங்கிருந்து கொண்டுவரப்பட்ட ஸ்டீரியோவில் 'சாட்டிலைட் ரெடி' என்று எழுதியிருந்தாலும், ஆண்டெனாவும் ட்யூனரும் உடன் வந்தாலும், இங்கே அதற்கு மேலே செயற்கைக்கோளும் இல்லை. எண்ணைத் திறந்துவிடும் நிறுவனமும் இல்லை. சேவை உள்ள நாட்டிலும் பழைய கருவியை வாங்குபவர் மூன்றைப் பார்க்க வேண்டும்: அது எந்த நிறுவனத்துக்கான ட்யூனர், தன் ஸ்டீரியோவுக்கு ஏற்ற இணைப்பு உள்ளதா, அதன் ரேடியோ எண்ணுக்கு இன்னும் சந்தா வழங்கப்படுகிறதா என்பவையே அவை.