பாவும் இல்லை, ஊடும் இல்லை

ஊட்டியில் ஆசையாக வாங்கிய கம்பளி ஸ்வெட்டரை வாஷிங் மெஷினில் வெந்நீரில் போட்டுவிட்டு, பேரக்குழந்தை அளவுக்குச் சுருங்கி வந்ததைப் பார்த்திருக்கிறீர்களா? அப்படியானால் உங்களை அறியாமலே ஃபெல்ட் செய்திருக்கிறீர்கள். நாம் நஷ்டக் கணக்கில் எழுதும் அந்தச் சுருக்கத்தை வரவுக் கணக்கில் எழுதியவர்கள் மத்திய ஆசிய மேய்ப்பர்கள்.

ஆட்டு ரோமத்தின் ஒவ்வோர் இழையிலும் நுண்ணிய செதில்கள் உண்டு. வெந்நீரும் சோப்பும் பட்டுத் தேய்க்கும்போது இழைகள் ஒன்றையொன்று பின்னிப் பிடித்துக்கொள்ளும். பிறகு பிரிக்கவே முடியாது. நூற்கவும் வேண்டாம், தறியும் வேண்டாம். மந்தையோடு ஊர் ஊராகப் போகிறவர்களுக்கு வேறென்ன வேண்டும்? மங்கோலியர்களின் வட்டக் கூடாரமான கெர் இன்றும் ஃபெல்ட் போர்த்தியே நிற்கிறது.

சைபீரியாவின் அல்தாய் மலையில் உள்ள பாசிரிக் கல்லறைகள் பனியில் உறைந்து கிடந்தன. 1929லும், பின்னர் 1947 முதல் 1949 வரையும் அவற்றைத் தோண்டினார்கள். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட ஃபெல்ட் திரைகளும், ஃபெல்ட்டால் செய்த அன்னப் பறவைகளும் கிடைத்தன. இப்போது அவை செயின்ட் பீட்டர்ஸ்பர்க் ஹெர்மிடாஜ் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. நம் நாட்டில் காஷ்மீரிலும் ராஜஸ்தானின் டோங்க் நகரிலும் செய்யும் 'நம்தா' விரிப்பும் இதே குடும்பம்தான்.

ஊசி முறை மிகவும் பிந்தியது. நீரில்லாமல் ஃபெல்ட் செய்ய, சிறு வெட்டுகள் கொண்ட ஊசிகளை வைத்து 19ஆம் நூற்றாண்டில் இயந்திரம் செய்தார்கள். அந்த ஊசியை ஒன்றொன்றாகக் கையில் பிடித்துப் பொம்மை செய்யும் பழக்கம் 1980களில் அமெரிக்காவில் தொடங்கியது.

நீங்களும் செய்து பார்க்கலாம். ஈர முறை என்றால், சீப்பால் வாரிய ரோமத்தை மெல்லிய அடுக்குகளாக, ஒன்று நீளவாக்கில் ஒன்று குறுக்குவாக்கில் பரப்புங்கள். சோப்பு கலந்த வெந்நீர் தெளித்து, முதலில் மெதுவாகத் தடவி, பிறகு பாயில் சுருட்டி உருட்டுங்கள். நன்றாகச் சுருங்கும், ஆகவே வேண்டிய அளவைவிடப் பெரிதாகவே பரப்புங்கள். ஊசி முறைக்குத் தடித்த ஸ்பாஞ்ச் அடியில் வேண்டும். நேராகக் குத்தி நேராக எடுங்கள். சாய்த்தால் ஊசி ஒடியும். கண் வேலையில் இருக்கட்டும், டிவியில் வேண்டாம். பேரப்பிள்ளைகளுக்கு ஈர முறையே நல்லது. வாங்கும்போது கேட்டு வாங்குங்கள்: கம்பளி என்ற பெயரில் விற்கும் அக்ரிலிக் நூலை எவ்வளவு தேய்த்தாலும் சுருங்காது, அதற்குச் செதில் கிடையாது.

ஒரு செய்தி சொல்லி முடிக்கிறேன். கிர்கிஸ்தானின் ஃபெல்ட் கம்பளக் கலையை யுனெஸ்கோ 2012ல் அவசரமாகக் காக்க வேண்டியவற்றின் பட்டியலில் சேர்த்தது. மலிவான செயற்கைக் கம்பளங்கள் வந்துவிட்டன, செய்யத் தெரிந்தவர்களில் பெரும்பாலோர் நாற்பது வயதைக் கடந்த பெண்கள், இளையவர்களுக்கு ஆர்வமில்லை. அருங்காட்சியகம் பொருளைக் காப்பாற்றும். செய்முறை கைவிட்டுக் கை மாறினால்தான் பிழைக்கும். நம் வீட்டுப் பாட்டிகளிடம் இருக்கும் கோலத்துக்கும் கூடை முடைதலுக்கும் அதே கணக்குதான். இந்த விடுமுறையில் பிள்ளைகளை அவர்கள் பக்கத்தில் உட்கார வையுங்கள்.