கடலிற் கலந்த பிளாஸ்டிக் மணிகள்

மட்டக்களப்பிலிருந்து கல்முனை செல்லும் பெருந்தெருவில் அமைந்த செட்டிபாளையத்துக்குக் கிழக்கெல்லை கடல், மேற்கெல்லை வாவி. இவ்விரு நீர்ப்பரப்புகளுக்கும் இடையே ஒடுங்கிக் கிடக்கும் எழுவான்கரையில் மீன்பிடி தொன்றுதொட்டு நிகழ்வது. முற்காலத்து வலைகள் பருத்தி நூலாலும் சணலாலும் ஆனவை. மரப்பட்டைச் சாறூட்டி வெயிலில் உலர்த்திப் பேணினும் அவை சில பருவங்களில் இற்றுப்போகும். 1950களின் பிற்பகுதி முதல் இலங்கையிற் பரவிய நைலோன் வலை இக்குறையை நீக்கிற்று. அழியாமையே அதன் சிறப்பு. அச்சிறப்பே பின்னர்த் தீங்காய் விளைந்தமைதான் பிளாஸ்டிக்கின் வரலாறு எனலாம்.

1933ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் நோத்விச் என்னும் இடத்தில், எதிலீன் வாயுவை உயரமுக்கத்துக்கு உட்படுத்திய இரசாயன அறிஞர் இருவர், கலத்தின் அடியில் மெழுகு போன்ற வெண்பொருளொன்றைக் கண்டனர். அவர்கள் அதனைத் தேடிச் சென்றவரல்லர். அதுவே பொலித்தீன். இரண்டாம் உலகப் போரில் ராடார்க் கருவிகளின் மின்வடங்களுக்கு உறையான அது, போர் முடிந்தபின் வீட்டுப் பொருளாயிற்று. ஆலைகள் இதனைச் சவ்வரிசி போன்ற சிறு மணிகளாக்கியே பிறநாடுகளுக்கு விற்கின்றன.

1972இல் அமெரிக்க அறிஞராகிய காபென்ரரும் சிமித்தும் அத்திலாந்திக்கின் சர்காசோ கடற்பரப்பிலே பிளாஸ்டிக் துணுக்குகள் மிதத்தலை எழுதி வெளியிட்டனர். கரையோர மீன்கள் இத்தகைய உருண்டைகளை விழுங்கியமையும் அவ்வாண்டிலேயே அறியப்பட்டது. எனினும் ஐந்து மில்லிமீற்றரினும் சிறியனவாகிய இத்துணுக்குகளைக் குறிக்கும் நுண்பிளாஸ்டிக் என்னும் பெயர், ரிச்சட் தொம்சன் என்பார் 2004இல் வெளியிட்ட கட்டுரையின் பின்னரே நிலைபெற்றது. பெயர் பெறுதற்கே முப்பத்திரண்டு ஆண்டுகள் சென்றன!

இலங்கை இதனைக் கண்கூடாகக் கண்டது 2021இல். அவ்வாண்டு கட்டப்பட்ட எக்ஸ்பிரஸ் பேர்ள் என்னும் சிங்கப்பூர்க் கப்பல் 1,486 கொள்கலன்களுடன் கொழும்பை அணுகியது. அவற்றுள் 25 தொன் நைத்திரிக் அமிலம் இருந்தது. கொள்கலனொன்றிலிருந்து அமிலம் கசிவது முன்னரே தெரிந்திருந்தும், கட்டாரின் ஹமாட் துறையிலும் இந்தியாவின் ஹசீராத் துறையிலும் அதனை இறக்க இயலவில்லை. மே மாதம் 20ஆந் திகதி தீ மூண்டது. 25ஆந் திகதி பெருவெடிப்பு நிகழ்ந்தது; மாலுமிகள் மீட்கப்பட்டனர். ஆழ்கடலுக்கு இழுத்துச் செல்லும் முயற்சியும் பயன்படாது, யூன் 17ஆந் திகதி கப்பல் முற்றாக மூழ்கிற்று.

அமிலம் ஆபத்தான சரக்கெனப் பதியப்பட்டிருந்தது. அதே கப்பலில் ஏறத்தாழ 1,680 தொன் பிளாஸ்டிக் மணிகளும் இருந்தன. கப்பற் சரக்கு விதிகளில் இவை ஆபத்தானவை அல்ல. அமிலமோ கடல்நீரிற் கரைந்து வலிமை குன்றும். மணிகள் அவ்வாறு குன்றுவனவல்ல. தென்மேற்குப் பருவக்காற்று அவற்றைக் கரைக்குத் தள்ள, நீர்கொழும்புக்குத் தெற்கேயுள்ள சரக்குவக் கரை வெண்பனி பெய்ததுபோற் காட்சியளித்தது. வெந்து கரியாய்த் திரண்டவையும் அவற்றோடு கலந்திருந்தன. படையினரும் ஊரவரும் அரிதட்டுகளால் மணலைச் சலித்தனர். மீனவர் தொழிலுக்குத் தடை விதிக்கப்பட்டது. பதிவான பிளாஸ்டிக் மணிச் சிந்தல்களுள் இதுவே மிகப் பெரியதென ஐக்கிய நாடுகள் குழு கூறிற்று.

அடுத்த சில மாதங்களில் 400க்கு மேற்பட்ட ஆமைகள் இறந்து கரையொதுங்கின. அமிலமும் எண்ணெயும் தீயும் பிளாஸ்டிக்கும் ஒருங்கே செயற்பட்டவிடத்து ஒவ்வொன்றின் பங்கையும் பிரித்துரைத்தல் எளிதன்று. ஆயினும் மணிகள் தீங்கு செய்யும் முறை நன்கு அறியப்பட்டதே. மீன்முட்டையென மயங்கி மீனும் பறவையும் இவற்றை உண்ணும். சீரணியாத மணி வயிற்றை நிரப்ப, பசி அடங்கி உயிரி மெலியும். கடல்நீரிற் சிதறிக் கிடக்கும் எண்ணெயிற் கரையும் நஞ்சுகளை மணிகள் தம்பால் ஈர்த்துத் திரட்டுவதும் உண்டு. யப்பானிய அறிஞர் இதனை 2001இலேயே காட்டியிருந்தனர். வெயிலிலும் அலையிலும் நொறுங்கிய துகளையோ மட்டியும் விலங்கு மிதவையுயிர்களும் நீரோடு வடித்துண்ணும்; அவற்றைச் சிறுமீன் உண்ணும்.

2024இல் சர்வதேச கடல்சார் அமைப்பு இம்மணிகளைக் கப்பலில் ஏற்றுதற்குரிய பரிந்துரைகளை வெளியிட்டது. பரிந்துரை சட்டமன்று. 2025 மே 25ஆந் திகதி கேரளக் கரைக்கப்பால் எம்.எஸ்.சி. எல்சா 3 மூழ்கியபோதும் இத்தகைய மணிகளே கரை சேர்ந்தன. அதே ஆண்டு யூலையில் இலங்கை உயர் நீதிமன்றம், பேர்ள் கப்பலுக்குரியோர் 100 கோடி அமெரிக்க டொலர் இழப்பீடு செலுத்தவேண்டுமெனத் தீர்ப்பளித்தது.

கப்பல் மூழ்கினாலன்றிக் கேடு வாராது எனக் கிழக்குக் கரையார் அமைந்திருத்தற்கில்லை. மட்டக்களப்பு வாவி பாலமீன்மடுவிலும் கல்லாற்றிலும் கடலோடு கலக்கின்றது. செட்டிபாளையம் இவ்விரு வாய்களுக்கும் இடைப்பட்டது. மாரிவெள்ளம் வயல்களை மூடுங்கால் முகத்துவாரம் வெட்டப்படும். அப்போது வாவியிற் சேர்ந்த பொலித்தீனும் அறுந்த வலையும் கடலுக்கு ஓடும். கோடையில் மணற்றிடர் வாயை அடைத்துவிட, எஞ்சியவை உள்ளேயே தங்கி நொறுங்கும். இறாற்குஞ்சும் நண்டும் ஒதுங்கி வளர்வது வாவியோரக் கண்டல் வேர்களின் இடையில். நைலோன் நார் சிக்கித் தங்குவதும் அவ்வேர்களிலேயே.