காலதரும் குளியலறையும்



சாளரத்திற்குப் பழந்தமிழில் காலதர் என்றொரு பெயர் உண்டு. கால் என்பது காற்று. அதர் என்பது வழி. காற்று செல்லும் வழியே காலதர். புகார் நகரத்து மாளிகைகளில் மானின் கண்போன்ற காலதர்கள் இருந்தன என்று சிலப்பதிகாரம் கூறுகிறது. இச்சொல்லைப் பல்லாண்டுகள் வகுப்பில் விளக்கிய நான், ஆண்டிமடத்தில் வீடு கட்டியபோது குளியலறைக்கு ஒரு காலதர் வைக்கத் தவறினேன். அதன் விளைவைச் சொல்லுமுன் சிறிது வரலாற்றைக் காண்போம்.

மொகஞ்சதாரோவில் 1922-இல் அகழாய்வு தொடங்கியது. அங்கே ஏறக்குறைய 4,500 ஆண்டுகளுக்கு முற்பட்ட வீடுகளில் செங்கல் பாவிய குளியலறைகள் வெளிப்பட்டன. அவற்றின் தளம் சரிவாக அமைந்திருந்தது. நீர் தெருவிலுள்ள சாக்கடைக்கு ஓடியது. வீட்டின் நடுவிலிருந்த முற்றம் காற்றையும் ஒளியையும் தந்தது. நீரை வெளியேற்றுவது போலவே காற்றை உள்ளே அழைப்பதும் இல்லத்திற்கு இன்றியமையாதது என்பதை அவ்வமைப்பு காட்டுகிறது.

நம் ஊர்களில் நிலைமை வேறு. முன்னோர் ஏரியிலும் குளத்திலும் கிணற்றடியிலும் நீராடினர். கொல்லையில் கீற்று மறைப்பு இருந்தாலும் அதற்குக் கூரை இராது. சிந்திய நீரை வெயிலும் காற்றும் உலர்த்திவிட்டன. இருபதாம் நூற்றாண்டில் குழாயும் மேல்நிலைத் தொட்டியும் வந்தன. குளியலறை வீட்டிற்குள் புகுந்தது. ஆனால் வெயிலும் காற்றும் அதனுடன் உள்ளே வரவில்லை. மனைகள் குறுகியபோது பல குளியலறைகளுக்கு வெளிச்சுவரே இல்லாமற் போயிற்று.

இதனால் வரும் தீங்கு யாது? 30 பாகை வெப்பமுள்ள ஒரு கன மீட்டர் காற்று ஏறத்தாழ 30 கிராம் நீராவியைத் தாங்கும். 20 பாகையில் ஏறத்தாழ 17 கிராமே தாங்கும். வெந்நீரின் ஆவி குளிர்ந்த சுவரைத் தொட்டதும் எஞ்சியது நீராகப் படிகிறது. உலராத அவ்விடத்தில் பூஞ்சை முளைக்கிறது. ஈரமும் பூஞ்சையும் உள்ள வீடுகளில் வாழ்வோர்க்கு மூச்சுக்குழல் நோய்களும் ஆஸ்துமாவும் மிகுதி என்று உலக சுகாதார நிறுவனம் 2009-இல் எடுத்துரைத்தது.

ஜெர்மனியில் மியூனிக் நகரத்து அறிஞர் பெட்டன்கோபர் 1858-இலேயே வீட்டுக் காற்றை ஆராய்ந்தார். அறைக் காற்றில் கரியமிலவாயு ஆயிரத்தில் ஒரு பங்கினும் மிகலாகாது என்று அளவு வகுத்தார். காற்றோட்டம் அளந்தறியத்தக்க அறிவியலாகியது.

இனி என் கதை. ஓர் ஐப்பசி மழையில் என் குளியலறைச் சுவரில் கரும்புள்ளிகள் தோன்றின. வெள்ளை அடித்தேன், கார்த்திகையில் அவை மீண்டும் வந்தன. அச்சுவரின் மறுபுறம் என் புத்தக அலமாரி. ஒருநாள் திறந்து பார்த்தபோது, நாற்பதாண்டுப் பாடக்குறிப்பேடுகள் பூஞ்சை படர்ந்து ஒட்டிக்கிடந்தன. காலதர் என்ற சொல்லுக்கு நான் எழுதிய விளக்கமும் அவற்றுள் ஒன்றில் இருந்தது! பிழை என்னுடையதே, புள்ளியை மறைத்தேன், ஈரத்தை நீக்கவில்லை.

பிறகு மேல்தளத்தைத் துளைத்துக் குழாய் ஒன்றை ஏற்றி, மழை புகாதபடி அதன் தலைக்கு மூடியிட்டு, காற்றை வெளியேற்றும் மின்விசிறி பொருத்தினோம். ஆயினும் கதவு இறுக மூடியிருந்ததால் பயன் குறைவாகவே இருந்தது. காற்று வெளியேற வேண்டுமாயின் வேறு காற்று உள்ளே வரவேண்டுமன்றோ? கதவின் அடியில் ஒரு விரற்கடை இடைவெளி விட்டோம். குளித்தபின் தரை நீரைத் துடைப்பத்தால் தள்ளிவிட்டு, அரைமணி நேரம் விசிறியை ஓடவிட்டோம். அடுத்த மழைக்காலத்தில் சுவர் தெளிவாயிருந்தது. குறிப்பேடுகள் மட்டும் மீளவில்லை.

மாணவர்களே, நாளை உங்களிற் பலர் வீடு கட்டுவீர்கள். வரைபடத்தை விரிக்கும்போது, நீர் போகும் வழி எது என்று கேட்பதுடன், காற்று வரும் வழி எது, போகும் வழி எது என்றும் கேளுங்கள். முன்னோர் ஒரு சொல்லுக்குள்ளேயே அக்கேள்வியை வைத்துச் சென்றிருக்கின்றனர்.