கூரையும் பீலியும்: மலைநாட்டு லயங்களின் வரலாறு பற்றிய ஒரு நோக்கு

‘வேய்தல்’ என்பது தமிழிற் பழமையான ஒரு வினைச்சொல். புல்லால் மூடுதல், ஓலையால் மூடுதல், ஓட்டால் மூடுதல், பொன்னால் மூடுதல் ஆகிய அனைத்தும் இவ்வொரு சொல்லாலேயே வழங்கப்படும். தில்லையம்பலத்துக்குப் பொன் வேய்ந்த முதற் பராந்தக சோழனுக்கும், தன் குடிலுக்குக் கிடுகு வேய்ந்த யாழ்ப்பாணத்துக் கமக்காரனுக்கும் மொழி ஒரே வினையை அளித்தது. அவ்விருவர்க்கும் பொதுவான மற்றோர் உரிமையும் உண்டு: எதனால் வேய்வது என்பதை அவரவரே தீர்மானித்தனர். இலங்கையின் மலைநாட்டுத் தோட்டங்களிற் குடியேறிய தமிழர்க்கு அவ்வுரிமை வாய்க்கவில்லை. அவர்தம் தலைக்கு மேலிருந்த கூரையைப் பிறரே தெரிந்தெடுத்தனர். ஆகலின், அக்கூரையின் வரலாற்றை ஆராய்வது, அதன்கீழ் வாழ்ந்த மக்களின் நிலையையும் ஒருங்கே ஆராய்வதாகும்.

வட்டவளைக்கும் அட்டனுக்கும் இடையே, மலையகப் புகையிரதப் பாதையில் அமைந்துள்ள சிறிய ஊர் றொசல்ல. தென்மேற்குப் பருவக்காற்று நேரே வந்து மோதும் மலைச்சரிவிலே இப்பகுதி உள்ளது. அயலூராகிய வட்டவளை இலங்கையில் மிகுந்த மழை பெறும் இடங்களுள் ஒன்று. அங்கு ஆண்டு மழைவீழ்ச்சி 5,000 மில்லிமீற்றருக்கு மேற்பட்டது. பத்தடி அகலமும் பன்னிரண்டடி நீளமும் உடைய ஓர் அறையின் கூரைமீது மட்டும் ஓராண்டில் ஏறத்தாழ 55,000 லீற்றர் நீர் விழும் என்பது எளிய கணக்கு. பத்து அறைகள் தொடர்ந்த ஒரு கட்டடத்தின்மீது ஐந்தரை இலட்சம் லீற்றர் விழும். இத்தகைய இடத்திற் கூரை என்பது வாழ்வின் முதற்றேவை என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

தோட்டங்கள் கோப்பி விளைத்த காலத்தில், தொழிலாளர் குடியிருப்புகள் பெரும்பாலும் மண்சுவரும் புற்கூரையும் உடையனவாக இருந்தன. கோப்பி அறுவடை ஆண்டில் ஒரு பருவத்துக்கு உரியது. தென்னிந்தியாவிலிருந்து அப்பருவத்தில் வந்த தொழிலாளருட் பலர் பின்னர் ஊர் மீண்டனர். சில மாதம் தங்குவோர்க்கு மலையில் விளைந்த மானாப்புல்லே போதும் என்று தோட்டமுடையோர் கருதினர். புற்கூரை குளிரையும் வெயிலையும் நன்கு தடுத்தது. ஆயின் விரைவில் உக்கியது. அடுப்பிலிருந்து எழுந்த ஒரு பொறியே அதனைச் சாம்பராக்கப் போதுமானதாயிற்று.

இதற்கு மாற்றாகப் பின்னர் வந்த தகரத்தின் பிறப்பிடம் இலண்டன் மாநகரின் கப்பற்றுறை. அத்துறையிற் பணியாற்றிய ஹென்றி ரொபின்சன் பாமர் என்னும் பொறியியலாளர், இரும்புத் தகட்டை அலை அலையாக மடிக்கும் முறைக்கு 1829ஆம் ஆண்டிற் காப்புரிமை பெற்றார். சமதளமாக இருக்கும்போது வளைந்து தொய்யும் மெல்லிய தகடு, அலைவடிவம் பெற்றதும் தன் பாரத்தைத் தானே தாங்கும் வலிமை எய்துகின்றது. துருப்பிடித்தல் என்னும் குறையைத் தீர்க்க, 1837இல் பிரான்சிய நாட்டவரான சொரெல் என்பார் இரும்பை நாகத்தில் தோய்த்தெடுக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். நாகம் தான் அரிபட்டு இரும்பைக் காக்கும் இயல்பினது. இவ்விரண்டும் இணைந்தபின், இலேசானதும் அடுக்கிக் கொண்டுசெல்லக் கூடியதும் தீப்பற்றாததுமான ஒரு கூரைப்பொருள் பிரித்தானியப் பேரரசு எங்கும் பரவியது.

இலங்கையிலே 1869ஆம் ஆண்டளவிற் றோன்றிய இலைத்துரு நோய் கோப்பிச் செய்கையை அழித்தது. 1867இல் லூல்கந்துரைத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் தொடங்கிய தேயிலைச் செய்கை அதன் இடத்தைப் பிடித்தது. தேயிலைக் கொழுந்து ஆண்டு முழுதும் பறிக்கப்படுவது; ஆகவே தொழிலாளரும் ஆண்டு முழுதும், குடும்பத்தோடு, தோட்டத்திலேயே தங்கவேண்டியவராயினர். 1874இல் நாவலப்பிட்டியை அடைந்த புகையிரதம் 1885இல் நானுஓயாவை எட்டியது. கொழுந்தாக வளர்ந்து தூளாக மாறிய தேயிலையைத் துறைமுகத்துக்கு இறக்கிய அதே பாதை, தொழிற்சாலைக்குரிய இயந்திரங்களையும் கூரைத் தகரத்தையும் மலைக்கு ஏற்றியது. நிலையான பயிர் நிலையான குடியிருப்பை வேண்டிற்று. அவ்வாறு எழுந்ததே தகரக் கூரையுடைய நீண்ட லயம்.

அக்குடியிருப்பின் பெயர்களே அதன் வரலாற்றைக் கூறுவன. வரிசையைக் குறிக்கும் ‘லைன்’ என்னும் ஆங்கிலச் சொல் தோட்டத் தமிழில் லயன் என்றும் லயம் என்றும் ஆயிற்று. அறையைக் குறிக்கும் காம்பரா போர்த்துக்கேயச் சொல்; முன்றிலைக் குறிக்கும் இஸ்தோப்பு ஒல்லாந்தர் விட்டுச் சென்றது. நீர் வழிந்தோடும் பீலிக்கோ சிங்கள மொழியிலும் இனமான சொல் உண்டு. இந்நாட்டை ஆண்ட மூவரும் அயலாரும் பெயரளித்த வீட்டில், குடியிருந்தவர்க்கு மட்டும் உரிமை அளிக்கப்படவில்லை.

தகரம் மழையைத் தடுத்தது என்பது உண்மை. ஆயினும் வெப்பத்தையும் குளிரையும் அது தடுக்கவில்லை. உலோகம் வெப்பத்தை மிக விரைவாகக் கடத்துவது. பகலில் வெயில் பட்டதும் அறை கொதிக்கும். இரவில் வானம் தெளிந்ததும் தகரம் காற்றினும் மிகுதியாகக் குளிரும். அடுப்பின் புகையும் உறங்குவோரின் மூச்சும் அக்குளிர்ந்த தகட்டின் உட்புறத்திற் பட்டு நீராகிச் சொட்டும். வெளியே மழை இல்லாத இரவிலும் உள்ளே பாய் நனைவது இதனாலேதான். மழைக்காலத்திலோ, கூரைமீது எழும் பேரொலியிடையே பாடம் படிக்கும் பிள்ளையின் குரல் தாய்க்கும் கேளாது. விடியற்காலையிற் கொழுந்து பறிக்கச் செல்லவேண்டியவர் உறக்கமின்றிக் கழித்த இரவுகள் எந்தத் தோட்டக் கணக்கேட்டிலும் பதியப்பெற்றதில்லை.

இனி, தகரத்தின் தலையாய சிறப்பாகக் கருதப்பட்ட தீத்தடுப்பை நோக்குதல் வேண்டும். தகரம் எரியாது என்பது மெய்யே. எனினும் அதனைத் தாங்கும் கைமரமும் சலாகையும் எரிவன. அடுப்புக்கு மேலே பரணில் உலரும் விறகும், பெட்டியிற் கிடக்கும் துணியும், சுவரிற் செல்லும் பழைய மின்கம்பியும் தீக்கு இடமளிப்பன. புற்கூரை எரிந்தால் மேலே திறந்துகொள்ளும். வெப்பமும் புகையும் வானை நோக்கிப் போகும். தகரக் கூரையோ வெப்பத்தை உள்ளேயே அடைத்துப் பக்கவாட்டிற் செலுத்தும். பழைய லயங்கள் பலவற்றில் இடைச்சுவர் கூரைவரை எழுவதில்லை. எழுந்த இடங்களிலும் மரச்சட்டங்கள் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஒரே தொடராகச் செல்லும். ஆகவே ஓர் அறையிற் பற்றிய தீ, தீயணைக்கும் ஊர்தி மலைப்பாதை ஏறி வருமுன் முழு லயத்தையும் உண்டுவிடுகின்றது. ஒருவர் வீட்டு விளக்குச் சரிந்ததனால் அடுத்த அறைகளிலுள்ளவரும் உடையும் பாடநூலும் பிறப்புச் சான்றிதழும் இழந்து பாடசாலை மண்டபத்திலே தஞ்சம் புகும் நிலை மலைநாட்டார்க்குப் புதியதன்று.

இக்குறைக்குரிய மருந்து அறியப்படாததோ எனின், அதுவுமன்று. 1212ஆம் ஆண்டில் நேர்ந்த பெருந்தீயின் பின்னர் இலண்டனிற் புல்வேய்தல் தடுக்கப்பட்டது. 1666இல் அந்நகரின் பெரும்பகுதி எரிந்தபோது, மரத்தினாலே நெருங்கக் கட்டிய வீடுகளினூடே தீ எவ்வாறு நடந்து செல்கின்றது என்பதை அந்நகரத்தார் கண்கூடாகக் கண்டனர். அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் நிறைவேறிய சட்டம், வீடுகளைச் செங்கல்லாலோ கருங்கல்லாலோ கட்டவேண்டும் என்றும், அடுத்தடுத்த வீடுகளுக்கிடையே பொதுச்சுவர் எழுப்பவேண்டும் என்றும் விதித்தது. அப்பாடத்தைக் கற்ற நாட்டவரே, இரண்டு நூற்றாண்டுகளின் பின்னர் மலைநாட்டிலே லயங்களை எழுப்பினர். தகரத்தைக் கொண்டுவந்தவர் சுவரை விட்டுவந்தனர். தகரம் செலவைக் குறைத்தது. இடைச்சுவரோ செலவைக் கூட்டுவது. வேறுபாட்டின் காரணம் இதனின் வேறாக இருத்தல் அரிது.

சட்டம் முற்றாக மௌனமாக இருக்கவில்லை. 1912ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைச் சட்டம், லயங்களையும் அவற்றின் சூழலையும் தக்க சுகாதார நிலையில் வைத்திருத்தல் தோட்டத் துரையின் கடமை என்றது. ஆயினும் கூரை தோட்டத்துக்கு உரியது. அதன்கீழ் வாழ்பவர் வேலையுள்ளவரை மட்டுமே அங்கு இருப்பவர். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் இம்மக்களுட் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1972இலும் 1975இலும் நடைபெற்ற காணிச் சீர்திருத்தத்தால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992 முதல் அவற்றின் நிருவாகம் தனியார் கம்பனிகளிடம் சென்றது. உடைமையாளர் மாறினர், துருப்பிடித்த தகரத்துக்குத் தார் பூசுவதும், காற்றுக்குப் பறவாமல் அதன்மேற் கல் ஏற்றுவதும் குடியிருப்போரின் வேலையாகவே நின்றது. நாடற்றோராய் எஞ்சியவர்க்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இல் வந்தது. கூரைக்குரிய உரிமை அதனோடு வரவில்லை.

தகரத்தின் குறை கண்டோர் அடுத்து நாடியது கல்நார் எனப்படும் அஸ்பெஸ்டஸ். ஒஸ்திரிய நாட்டவரான லுட்விக் ஹட்செக் என்பார் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்நாரைச் சீமெந்தோடு கலந்து தகடு செய்யும் முறையை வகுத்தார். அது துருப்பிடிக்காது, எரியாது, தகரத்தைப்போல் ஒலிக்காது. ஆயின் அதனை அறுக்கும்போதும் உடைக்கும்போதும் எழும் நுண்ணிய தூசு நுரையீரலிற் படிந்து புற்றுநோயை விளைப்பது என்பதை மருத்துவ உலகம் பின்னர் உறுதிப்படுத்தியது. அந்நாரின் எல்லா வகைகளும் புற்றுநோய் விளைப்பன என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் முடிபு. ஆதலின் 2018 முதல் அதன் இறக்குமதியைக் கட்டுப்படுத்த இலங்கை அரசு எண்ணியிருந்தது.

அப்போது நிகழ்ந்தது இவ்வரலாற்றில் மிகவும் சிந்திக்கத்தக்கது. 2017ஆம் ஆண்டு டிசம்பரில், இலங்கைத் தேயிலைப் பொதியொன்றில் ஒருவகை வண்டு காணப்பட்டதெனக் கூறி உருசிய நாடு இலங்கைத் தேயிலையின் இறக்குமதியை நிறுத்தியது. இலங்கைக்கு அஸ்பெஸ்டஸ் விற்கும் முதன்மை நாடும் உருசியாவே. சில நாள்களில் இலங்கை அரசு தன் அஸ்பெஸ்டஸ் கட்டுப்பாட்டைத் தளர்த்தியது. அவ்வாண்டு முடிவதற்குள் உருசியாவும் தேயிலைத் தடையை நீக்கியது. கூரைக்கும் கொழுந்துக்கும் உள்ள உறவு இதனினும் வெளிப்படையாக என்றும் தோன்றியதில்லை. கொழுந்து பறித்தவர் எந்தக் கூரையின்கீழ் உறங்குவது என்பதை, அவர் பறித்த கொழுந்தின் சந்தையே தீர்மானித்தது.

இக்காலத்தில் வெப்பந்தடுக்கும் கூரைப்பலகைகள் கட்டடத் தொழிலில் வழங்கி வருகின்றன. இரண்டு உலோகத் தகடுகளுக்கிடையே வெப்பங்கடத்தாப் பொருளொன்றை வைத்து ஒட்டியவை இவை. அவற்றின் பயன் முழுவதும் அந்த நடுப்பொருளைப் பொறுத்தது. எரிமலைப் பாறையை உருக்கி இழையாக்கிய பாறைப்பஞ்சு எரிவதில்லை. எஃகோடு ஒப்பிட அது வெப்பத்தை ஆயிரத்தில் ஒரு பங்கும் கடத்தாது. மழையொலியையும் அது அடக்கும். நுரைப்பிளாத்திக்கு வகைகளோ குளிரை நன்கு தடுப்பினும் தீயில் எரிந்து நச்சுப்புகை கக்குவன. 2017ஆம் ஆண்டு யூன் 14ஆம் நாள் இலண்டனிற் கிரென்பெல் மாடிக்கட்டடம் எரிந்து 72 பேர் மாண்டனர். அக்கட்டடத்தின் வெளிப்புறத்தைக் குளிர்தடுக்கவும் அழகுபடுத்தவும் பொருத்திய எரியும் பொருள்களே தீ பரவக் காரணமாயின. வெப்பந்தடுத்தல் வேறு, தீத்தடுத்தல் வேறு என்பதை அந்நிகழ்ச்சி உணர்த்தியது. 1667இற் சட்டமியற்றிய நகரமே அதனை மறந்து பெருவிலை கொடுத்தது.

கூரையோடு பீலியையும் சேர்த்தே எண்ணுதல் வேண்டும். பீலி இல்லாத தாழ்வாரத்திலிருந்து விழும் நீர் அத்திவாரத்தை அரித்து, சுவரின் அடியை ஊறவைக்கும். பின்னுள்ள மண்மேட்டையும் நெகிழச் செய்யும். அவ்வாறு வீணாக ஓடும் இலட்சக்கணக்கான லீற்றர் நீரைப் பார்த்தவண்ணமே பெண்கள் தொலைவிலுள்ள பொதுப்பீலிக்குக் குடத்தோடு நடந்தனர். உலோகப் பீலியும் ஒரு தொட்டியும் இருப்பின், குடும்பத் தேவைக்கும், தீ தொடங்கும் வேளையில் முதல் வாளி நீருக்கும் அதுவே உதவும். பிளாத்திக்குப் பீலி தீயில் உருகி விழுவது. உலோகப் பீலியிலும் சருகு நிறையவிட்டால், மாசி பங்குனியில் மானாப்புற்காடு எரியும்போது பறந்துவரும் பொறி அதிலேயே பற்றும். ஆகவே பீலியைப் பொருத்துவதோடு அதனைத் துப்புரவாக வைத்திருக்கவும் ஒருவர் வேண்டும்.

அந்த ஒருவர் யார் என்பதே இவ்வரலாறு எழுப்பும் வினா. புல்லும் தகரமும் அஸ்பெஸ்டசும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தபோது, ஒவ்வொன்றும் ஒரு நன்மைக்காகத் தெரிந்தெடுக்கப்பட்டது. அதன் தீமை மட்டும் குடியிருந்தவர்க்கு விடப்பட்டது. நாளை பாறைப்பஞ்சுப் பலகை வரினும், இடைச்சுவர் முகடுவரை எழாவிடத்து, அல்லது கூரையைப் பழுதுபார்க்கும் உரிமை அதன்கீழ் வாழ்பவர்க்கு இல்லாவிடத்து, பழைய கதையே தொடரும். 2017ஆம் ஆண்டு மே மாதம் 12ஆம் நாள் நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் மலையகத்துக்கு மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார். மலையகத் தனிவீட்டுத் திட்டங்களில் ஒரு குடும்பத்துக்கு ஏழு பேர்ச்சு காணி என்பது அளவாயிற்று. தனிச்சுவரும் தன்பெயரில் உறுதியும் உடைய வீட்டில், அடுத்த வீட்டுத் தீ தன் வீட்டுக்குள் நடந்து வருவதில்லை. ஒழுகும் இடத்தை அடைக்க யாருடைய ஆணையையும் எதிர்பார்க்க வேண்டுவதுமில்லை. பராந்தகனுக்கும் யாழ்ப்பாணத்துக் கமக்காரனுக்கும் பொதுவாயிருந்த அவ்வுரிமை, றொசல்ல மலையிற் கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கும் உரியதாகும் நாளிலேதான் ‘வேய்தல்’ என்னும் சொல் அவளுக்கும் தன்வினையாகும்.