வாக்குரிமையும் வன்னிப் பாதையும்

இலங்கையின் 1978ஆம் ஆண்டு அரசியல் யாப்பின் 93ஆம் உறுப்புரை, வாக்களிப்பு சுதந்திரமானதாகவும் சமமானதாகவும் இரகசியமானதாகவும் இருத்தல் வேண்டும் என விதிக்கின்றது. இவ்விதியின் வலிமையை அளந்தறிதற்கு வன்னிப் பெருநிலப்பரப்பின் அண்மைக்கால வரலாறு தக்கதோர் உரைகல்லாகும்.

2001 டிசெம்பர் 5ஆம் நாள் நடைபெற்ற பொதுத் தேர்தலில், விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டிலிருந்த பகுதிகளின் வாக்காளருக்கென வாக்களிப்பு நிலையங்கள் அரச கட்டுப்பாட்டுப் பகுதியில் அமைக்கப்பட்டன. ஆயின் அன்று இராணுவம் நுழைவழிகளை மூடியது. இடாப்பிற் பெயர் இருந்தும் வன்னி மக்கள் பலர் வாக்களிக்க இயலாது போயினர். இதுகுறித்துத் தொடரப்பட்ட வழக்கில், சமத்துவ உரிமையும் கருத்து வெளியிடும் உரிமையும் மீறப்பட்டன என உயர் நீதிமன்றம் 2003இல் தீர்ப்பளித்தது. வாக்களித்தலும் கருத்து வெளியீடே என்பதனை அம்மன்று 1999இல், மாகாண சபைத் தேர்தல் ஒத்திவைப்பு வழக்கிலேயே நிலைநாட்டியிருந்தமை ஈண்டு மனங்கொள்ளத்தக்கது.

தடை ஒரு தரப்பினால் மட்டும் விளைந்ததன்று. 2005 நவம்பர் 17ஆம் நாள் சனாதிபதித் தேர்தலில், புலிகளின் செல்வாக்கால் நிகழ்ந்த புறக்கணிப்பினால், கிளிநொச்சியை உள்ளடக்கிய யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தில் நூற்றுக்கு இருவர்தானும் வாக்களித்திலர். நாடளாவிய நிலையில் வெற்றியைத் தீர்மானித்த வாக்கு வேறுபாடோ இரண்டு இலட்சத்திற்கும் குறைவாகும்.

17ஆம் திருத்தம் 2001இல் விதித்த சுதந்திரத் தேர்தல் ஆணைக்குழுவும் 2015 வரை அமைக்கப்படவில்லை. எனவே யாப்பு விதியொன்று எழுதப்படுவதனால் மட்டும் உரிமை நிறைவுறுவதில்லை. வாக்காளனின் வீட்டுப் படலையிலிருந்து வாக்குப் பெட்டிவரை செல்லும் பாதை திறந்திருத்தல் வேண்டும். நீதிமன்றம் உரிமையை ஏற்கலாம். கழிந்துபோன வாக்களிப்பு நாளை மீட்டளித்தல் எம்மன்றுக்கும் இயலாது.